லால்பாக்கை ஒரே காலையில் பார்ப்பது எப்படி: பாறையில் தொடங்கி ஏரியில் முடிக்கும் முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து யார் பெங்களூரு வந்தாலும் அவர்களை லால்பாக்குக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எங்கள் வீட்டில் என்னுடையது. முதல் சில தடவை எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஒன்பதரை மணிக்கு மேற்கு வாசல் வழியாக நுழைவோம். கண்ணாடி மாளிகைக்கு முன்னால் நின்று படம் எடுப்போம். கால் போன போக்கில் கொஞ்சம் நடப்போம். வெயில் ஏறியதும் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். "என்ன பார்த்தீங்க?" என்று வீட்டில் கேட்டால் "பார்க் நல்லா இருக்கு" என்பதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பிறகு வரிசையை மாற்றினேன். இப்போது பாறையில் தொடங்கி, சரிவோடு இறங்கி, ஏரிக்கரையில் முடிக்கிறோம். மூன்று மணி நேரம் போதும். கீழே இருப்பது அந்த வரிசையும், ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக வருபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

வருடத்தில் இரண்டு முறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் பூக்களைப் பார்க்கலாம், தோட்டத்தைப் பார்க்க முடியாது. கண்ணாடி மாளிகையைச் சுற்றி நெரிசல் இருக்கும், வாசலிலும் வரிசை நீளும். தோட்டத்தை அறிந்துகொள்ள வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு வேறொரு வாரநாளைப் பிடியுங்கள். கண்காட்சிக்கென்று தனியாக இன்னொரு நாள் வந்துகொள்ளலாம்.

மரங்கள் பூப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து மே வரை வாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் டபெபுயா மஞ்சளாகப் பூக்கும். அதைத் தொடர்ந்து ஜக்கராண்டாவின் ஊதா. ஏப்ரல், மே மாதங்களில் மயில்கொன்றை, அதாவது நம் ஊரில் மே ஃபிளவர் என்கிறோமே, அது சிவக்கும். இப்படி ஒன்று முடிய மற்றொன்று பூப்பது தற்செயல் கிடையாது. காரணத்தை எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் வரலாம். ஆனால் முந்தைய இரவு மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். அன்று நாலாவது கட்டத்தை அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. முன்னேற்பாடு

பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ அவசியம். பாறை ஒரே சரிவாக ஏறும். தேய்ந்த அடிப்பாகம் உள்ள செருப்பு ஏறும்போது ஒன்றும் செய்யாது, இறங்கும்போது காலை வாரிவிடும்.

தண்ணீரைப் பாட்டிலில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பாறையின் மேலே விற்பனை எதுவும் கிடையாது. நெகிழிப் பை வேண்டாம். தொப்பியோ குடையோ ஒன்று இருக்கட்டும். சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் பிள்ளைகள் உங்களை விடவே மாட்டார்கள். பாறைக்கும் மரப்பட்டைக்கும் அது நன்றாகப் பயன்படும்.

வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். பெரிய மரங்களில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும். கூடு தென்பட்டால் கல் எறிவதோ, அடியில் நின்று சத்தம் போடுவதோ கூடாது. பிள்ளைகளிடம் இதை வாசலுக்கு வெளியேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனபின் அவர்கள் காதில் எதுவும் ஏறாது.

3. எந்த வாசல், எத்தனை மணிக்கு

தோட்டத்தின் பரப்பு 240 ஏக்கர், ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். வாசல்கள் நான்கு. தவறான வாசலில் நுழைந்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

பச்சைத் தடத்தில் வரும் லால்பாக் மெட்ரோ நிலையம் மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறார்கள். பாறை இருப்பது மறுபக்கம், டபுள் ரோடு பக்கத்துப் பிரதான வாசலை ஒட்டி. மெட்ரோவில் வந்தாலும் ஒரு ஆட்டோ பிடித்துப் பிரதான வாசலுக்குப் போய்விடுங்கள். மெட்ரோவைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். ஆறரைக்குள் உள்ளே இருங்கள். பாறையில் நிழல் என்பதே கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் கல் சுட ஆரம்பித்தால் உட்கார்ந்து பார்க்க முடியாது. நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாறும், வாசல் பலகையைப் பாருங்கள்.

இங்கே இன்னொரு வழக்கமான தவறு உண்டு. பிரதான வாசலுக்கு அருகில், லால்பாக் சாலையிலேயே, 1924இல் தொடங்கிய எம்டிஆர் உணவகம் இருக்கிறது. "முதலில் ரவா இட்லி, பிறகு தோட்டம்" என்று தோன்றும். வார இறுதியில் அங்கே காத்திருந்து, சாப்பிட்டு எழுந்து வருவதற்குள் பாறை சுட்டுவிடும். வயிறு நிறைந்தபின் ஏறவும் மனம் வராது. வீட்டில் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

4. பாறை: இங்கே அவசரப்படாதீர்கள்

நடையின் முதுகெலும்பு இந்தப் பாறைதான். புதியவர்கள் இதை ஒரு மேடாக நினைத்து, விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, நகரத்தைப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். காலுக்கு அடியில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் அடிவாரத்தில் உள்ள அறிவிப்புக் கல்லைத் தேடுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்தப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. இதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக இருக்கும் இந்த வகைப் பாறைக்குப் பெனின்சுலர் நைஸ், அதாவது தீபகற்ப நைஸ், என்று 1916இல் பெயர் வைத்தவர் மைசூர் அரசின் புவியியல் துறையைச் சேர்ந்த டபிள்யூ. எஃப். ஸ்மீத்.

இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியபின், பத்தடி ஏறி உட்காருங்கள். உட்காருவது முக்கியம். நின்றபடி பார்த்தால் சாம்பல் நிறக் கல் மட்டுமே தெரியும். உட்கார்ந்து, முகத்தைக் கல்லுக்கு ஒரு முழம் தூரத்தில் கொண்டுபோனால் பட்டைகள் தெரியும். வெளிர் பட்டை, கறுப்புப் பட்டை, மறுபடி வெளிர் என்று புடவைக் கரைபோல ஓடும். சில இடங்களில் நேராக, சில இடங்களில் மடிந்து நெளிந்து. வெளிர் பட்டையில் இருப்பவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கறுப்பில் மின்னுவது பயோடைட் என்ற அப்பிரக வகை. பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கல் இளகி, கனிமங்கள் பிரிந்து வரிசைகட்டியதால் வந்த கோலம் இது. கல் ஒரு காலத்தில் பிசைந்த மாவைப்போல மடிந்தது என்பதற்கு அந்த நெளிவுதான் சாட்சி. விரலால் ஒரு பட்டையைத் தொட்டுக்கொண்டே அது போகும் வழியில் போகச் சொல்லுங்கள். பெரியவர்கள்கூட இரண்டு நிமிடம் பேச்சை மறந்துவிடுவார்கள்.

அடுத்து, மேற்பரப்பில் வெங்காயத்தோல்போல உரிந்து நிற்கும் தகடுகளைப் பாருங்கள். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் கல் இப்படி அடுக்கடுக்காகக் கழன்றுவரும். குழிகளில் கொஞ்சம் மண் சேர்ந்து, அதில் புல் முளைத்திருக்கும். கல் மண்ணாவதும், மண்ணில் பசுமை வருவதும் அந்த ஒரு சாண் இடத்திலேயே தெரிகிறது. தகடுகளைப் பெயர்த்து எடுப்பது, பெயர் செதுக்குவது, ஒரு சில்லை ஞாபகத்துக்குப் பையில் போட்டுக்கொள்வது எதுவுமே வேண்டாம். 300 கோடி வருடம் நின்றதை நம் பங்குக்கு நாம் சிதைக்க வேண்டாமே.

கடைசியாக எழுந்து நின்று, நிலம் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று கவனியுங்கள். நம் நடை அந்தத் தாழ்வை நோக்கித்தான். ஏரி இருப்பதும் தாழ்ந்த பக்கத்தில்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இந்த வரிசை ஒத்துவரக் காரணம் இதுவே. ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும், மீதி எல்லாம் இறக்கமும் சமதரையும்.

5. கோபுரம்

பாறை உச்சியில் இருப்பது கெம்பேகவுடா கோபுரம். நம்மவர்களிடம் "கோபுரம்" என்றால் மதுரையையும் திருவரங்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். அங்கே இருப்பது நாலு கால் மண்டபமும் அதன்மேல் ஒரு சின்ன விமானமும். ஏமாற்றத்தைத் தவிர்க்க ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

அதன் பொருள் உயரத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பெங்களூருவை 1537இல் நிறுவியவர் கெம்பேகவுடா. அவர் வம்சத்தின் பெயரால் நகரின் நான்கு திசைகளில் நான்கு கோபுரங்கள் உண்டு. லால்பாக் தவிர அல்சூர் ஏரி, கெம்பாம்புதி ஏரி, மேக்ரி சர்க்கிள் ஆகிய இடங்களில் மற்றவை. ஊரின் எல்லை இதுவரைதான் என்று அன்று குறித்ததாகச் சொல்வார்கள். இப்போது கோபுரத்தின் பக்கத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் கட்டடங்கள்.

இந்தப் பாறை ஆரம்பத்திலிருந்தே தோட்டத்துக்குள் இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1874இல் லால்பாக் 45 ஏக்கர்தான். பாறையும் கோபுரமும் 1891இல்தான் தோட்டத்தோடு சேர்க்கப்பட்டன.

6. இறங்கும் வழி

வழியில் புல்வெளிக் கடிகாரம் வரும். எச்எம்டி நிறுவனம் 1983இல் அமைத்தது. பிள்ளைகள் இங்கே நிற்க விரும்புவார்கள், ஐந்து நிமிடம் கொடுங்கள். குதிரைமேல் அமர்ந்த மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் சிலையையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

இங்கே நேரத்தைச் சேமிப்பது நல்லது. அடுத்து வரும் இரண்டு இடங்களுக்கு அது தேவைப்படும்.

7. கண்ணாடி மாளிகை: தூரத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, நேராக வேலிக்குப் பக்கத்தில் போய் நிற்பது. அப்படி நின்றால் இரும்பும் கண்ணாடியும் துண்டுதுண்டாகத்தான் தெரியும். முதலில் எதிரிலுள்ள புல்வெளிப் பாதையில் தள்ளி நின்று, முழு உருவத்தையும் கண்ணில் வாங்குங்கள். நடுவில் உயர்ந்த கூடம், இரு பக்கமும் இறக்கைகள். 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுப்பிய கிறிஸ்டல் பேலஸை மனதில் வைத்துத் திட்டமிட்டது இது.

பிறகு அருகே போய்த் தூண்களைப் பாருங்கள். இந்த வார்ப்பிரும்புப் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த சாராசென் வார்ப்பாலையில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. 1889 நவம்பர் 30இல் பிரிட்டிஷ் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். அப்போது தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஜான் கேமரூன்.

கேமரூன் பெயரை நம்மவர்களுக்கு நினைவில் நிறுத்த நான் ஒரு காயைப் பயன்படுத்துகிறேன். சௌசௌவைத் தமிழ்நாட்டில் பல வீடுகளில் பெங்களூர் கத்தரிக்காய் என்பார்கள். மெக்சிகோப் பக்கத்துக் கொடி அது. கேமரூன் காலத்தில் லால்பாக் வழியாகத்தான் இந்தப் பக்கம் பரவியது என்று இங்கே சொல்வார்கள். "கூட்டு வைக்கிறோமே, அந்தச் சௌசௌ" என்றால் போதும், அத்தைமார்கள் முகத்தில் வெளிச்சம் வந்துவிடும். தாவரவியல் தோட்டம் என்றால் என்ன வேலை செய்யும் இடம் என்பதும் அப்போதுதான் புரியும்: வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்து, இந்த மண்ணில் பிழைக்குமா என்று வளர்த்துப் பார்த்து, பிழைத்தால் ஊருக்குக் கொடுப்பது. லால்பாக் 1856இலிருந்து அரசுத் தாவரவியல் தோட்டம்.

கண்காட்சி இல்லாத நாட்களில் மாளிகைக்குள் விடாமல் இருக்கலாம். வருத்தப்பட ஒன்றுமில்லை. பக்கவாட்டிலிருந்தே உள்ளே நன்றாகத் தெரியும். ஒரு முழுச் சுற்று வாருங்கள்.

8. மரங்கள்: எண்ணிக்கையைக் குறையுங்கள்

பெயர்ப்பலகை கண்ட இடமெல்லாம் நின்று வாசிக்க ஆரம்பித்தால் அரைமணியில் எல்லோருக்கும் சலித்துவிடும். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். முப்பது மரம் காட்டினேன், ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. இப்போது நான்கு மட்டும்.

முதலாவது மாமரம். 1760இல் ஹைதர் அலி இந்தத் தோட்டத்தைத் தொடங்கினார், கர்நாடகத்துச் சிரா ஊரில் இருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்து. திப்பு சுல்தான் அதை விரிவாக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான் போன்ற தூர தேசங்களிலிருந்து செடிகளை வரவழைத்தார். திப்பு காலத்தது என்று காட்டப்படும் பழைய மாமரம் ஒன்று இங்கே உண்டு. அன்றைய தோட்டம் அடிப்படையில் பழத்தோட்டமும் ரோஜாத் தோட்டமும்தான் என்பதைச் சொல்ல இந்த ஒரு மரம் போதும். கூடவே தோட்டக்காரர்களையும் சொல்லுங்கள். பெங்களூருவின் கரகத் திருவிழாவை நடத்தும் திகளர் சமூகம் தோட்டக்கலையில் பேர்போனது. லால்பாக்கோடு அவர்கள் பெயர் நெடுங்காலமாக இணைத்துப் பேசப்படுகிறது. "திகள" என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழைய சொல். தமிழ் வாசனையுள்ள பேச்சு இன்றும் அவர்கள் வீடுகளில் உண்டு.

இரண்டாவது கல்லாகிப்போன மரம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து வந்த மரப்புதைபடிவம், வயது 2 கோடி ஆண்டுகள். வெட்டிப்போட்ட கட்டை என்று நினைத்து எல்லோரும் தாண்டிப்போகும் பொருள் இது. அருகே போய்ப் பாருங்கள்: நார் மரம்போலவே ஓடும், ஆனால் முழுக்கக் கல். மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, இழை இழையாக மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. காலையில் தொட்ட பாறை நெருப்பில் பிறந்த கல். இது நீரில் பிறந்த கல். இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஏதாவது பூத்திருக்கும் மரம், எதுவானாலும் சரி. 1908இல் இங்கே பொறுப்புக்கு வந்தவர் ஜெர்மானியரான குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பிகல். ஒரு மரம் ஓய்ந்தால் அடுத்த மரம் பூக்கும்படி, வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்திருக்கும்படி பெங்களூருவின் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்து நடச் செய்தவர். முதல் பகுதியில் சொன்ன பூக்காலக் கணக்கு அவருடையது. 1956இல் பெங்களூருவிலேயே காலமானார். தோட்டத்தை ஒட்டிய ஒரு சாலைக்கு அவர் பெயர்.

நான்காவது இலவ மரம். இருநூறு வயதைத் தாண்டியது என்பார்கள். இடம் தெரியாவிட்டால் நடைப்பயிற்சி செய்பவர்களிடம் "பூருகத மர எல்லிதெ?" என்று கேளுங்கள், கைகாட்டுவார்கள். அடிமரத்திலிருந்து ஆள் உயரச் சுவர்கள்போலப் பலகை வேர்கள் புறப்பட்டுத் தரையில் வளைந்து ஓடும். அவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேரை மட்டும் நம்பி நிற்க முடியாது, அந்தப் பலகைகள்தான் அதை நாலாபுறமும் தாங்குகின்றன. ஒரு தடவை திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அத்தை, அதுவரை எதற்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவள், இதன் முன் நின்று அண்ணாந்து பார்த்தாள். "எய்யா, இது நம்ம இலவ மரம்லா! தலையணைக்குப் பஞ்சு எடுப்போம்லா, அது" என்றாள். அதற்குப்பின் இலவு காத்த கிளியின் கதையை அவளே பிள்ளைகளுக்குச் சொன்னாள்: காய் பழுக்கும் பழுக்கும் என்று கிளி காத்திருந்ததையும், கடைசியில் காய் வெடித்துப் பஞ்சு பறந்ததையும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த மரத்தை இன்றும் மறக்கவில்லை. உங்கள் கூட்டத்திலும் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒரு மரம் சொந்த ஊரைச் சேர்ந்ததாக இருக்கும். அவரைப் பேச விடுங்கள், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வேலி போட்ட மரங்களின் வேலிக்குள் போகக் கூடாது. வேரைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினால் மரத்துக்கு மூச்சு முட்டும். எத்தனை மரங்களின் பட்டையில் பெயர்கள் செதுக்கியிருக்கிறது என்று பார்த்தால் மனம் கனத்துப்போகும்.

9. ஏரிக்கரையும் வெளியேறும் வழியும்

ஏரியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்குள் எல்லோருக்கும் கால் வலிக்கும், இங்கே நிழலும் காற்றும் இருக்கும். கரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். ஓரத்துச் செடிகளுக்குள் நீலத் தாழைக்கோழி வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். மடையான் அசையாமல் நிற்கும், பறக்கும்போதுதான் அதன் வெள்ளை இறக்கை தெரியும். பறவைகளுக்குப் பொரியோ ரொட்டியோ போட வேண்டாம். மிச்சம் அழுகி நீரைக் கெடுக்கும்.

பிள்ளைகள் ஏரிக்குள் இறங்காமல் ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளட்டும். சோர்ந்த நேரத்தில்தான் பெரியவர்களின் கவனம் தப்பும்.

கிளம்புமுன், ஒவ்வொருவரும் தாம் பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்லட்டும். நான் இதை வழக்கமாக வைத்திருக்கிறேன், அடுத்த தடவை எந்த இடத்துக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிவது இதில்தான். பாறையில் இருபது நிமிடம் உட்கார ஆரம்பித்ததே இப்படிக் கேட்டுத்தான்.

ஒன்பதரை மணிக்கு மேற்கு வாசல் பக்கம் நடந்தால் மெட்ரோ நிலையம். போன்சாய் என்ற குட்டை மரங்கள், உருவங்களாகக் கத்தரித்த டோபியரிச் செடிகள் என்று பார்க்காமல் விட்டவை இன்னும் இருக்கும். முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். இரண்டாம் தடவை வருபவர்களை மேற்கு வாசல் வழியாகவே அழைத்துவந்து, அவற்றிலிருந்து தொடங்கலாம்.